ஆறாம் கட்டம்

உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். அவமரியாதை என்று நினைக்காதீர்கள், சார். தூக்கத்திலும் ஆடுகிறது என்று என் மனைவி பொற்கொடி பிரிந்துபோகும்முன் சொன்னாள்.

கிங்ஸ்டனும் நானும் ஓசூரில் ஒரே கம்பெனியில் மெயின்டனன்ஸ். ஜூஜுவாடியில் ஒரு ஷெட் எடுத்து, காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் மெஷின் ஒன்றை வைத்திருந்தோம். விண்கப்பல்களைச் சுடும் ஆட்டம். அதை வீட்டில் ஆடும்படி மாற்றி எழுதுவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. பழைய கம்ப்யூட்டருக்கு நான் எழுதினேன். டி.வி.யில் மாட்டும் கேம் பெட்டிக்கு அவன்.

மெஷினில் ஒரு குறை உண்டு. ஆறாம் கட்டத்தில் திரை முழுக்கக் கப்பல்கள் வரும். அத்தனையையும் வரைய முடியாமல் ஆட்டம் திணறும். குண்டுகள் மிதந்து வரும். அப்போது மட்டும் என் கால் நிற்கும். என் பதிப்பில் அந்தத் திணறலையும் எழுதினேன். கிங்ஸ்டன் அதை நீக்கிவிட்டான்.

"மாட்டு வண்டி கணக்கா போவுதுண்ணே உங்க கேமு. என்னுதைப் பாருங்க, பறக்குது."

நண்பர்கள் அவனுடையதையே ஆடினார்கள். பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் பதிப்பில் கால் நிற்கவில்லை. மெஷினில்தான் நின்றது.

போன ஞாயிறு அவன் மெஷினின் பின்கதவைத் திறந்தான்.

"ஒரிஜினலுக்கே வேகமான சிப்பு போட்டுடறேன்."

"வேணாம்பா."

"ரிப்பேரைப் போயி யாராச்சும் வேணாம்பாங்களா? சும்மா இருண்ணே."

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். ஸ்விட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் இருக்கலாம் என்பதால், ஒருவன் மெஷினுக்குள் கை விட்டால், கூட இருப்பவன் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். உள்ளே இருப்பவன் கேட்பான், வெளியே இருப்பவன் சொல்வான். அதற்குமேல் யாரும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதில்லை.

"ஃப்யூஸ் எங்கண்ணே?"

"எம் பாக்கெட்ல."

பாக்கெட்டில் சீப்பு மட்டும் இருந்தது.

நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள்.

மரக்கட்டையால் தள்ளி அவனை வெளியே எடுத்தேன். பழைய சிப் அப்படியே இருந்தது. பின்கதவை மூடி ஸ்க்ரூக்களை முறுக்கினேன். ஸ்விட்சைப் போட்டேன். நன்றாக ஓடியது.

கிங்ஸ்டன் தரையில் கிடந்தபடி என் பேன்ட்டைப் பிடித்தான். "அண்ணே, ஆஸ்பத்திரி," என்றான்.

நான் கல்நெஞ்சன் இல்லை, சார். ஆறாம் கட்டம் முடிந்ததும் போகலாம் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் ஆட ஆரம்பித்தேன்.