இடப்பக்க முன் டயர்

இருந்தவர்கள்: கொட்டாஞ்சேனை வீட்டு முன்கூடத்தில், விசிறிக்கு நேர்கீழே, துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பேர்னாட். சாப்பாட்டு மேசையில், கடதாசியும் பேனையுமாக அவர் மனைவி றோஸி. எதிரே எழும்பிவரும் மாடிக் கட்டடத்தின் காவலாளி அழகுமுத்துவுக்கும் ஒரு கதிரை போட்டிருந்தது; அவர் வாசலோடு நின்றுகொண்டார்.

பேர்னாட்: ...ஒட்டேலாதாம். ஒரு சின்ன வெடிப்பு, அதுக்குப் புது டயராம். எத்தினை வருசமா நிலாமிட கடையில பஞ்சர் ஒட்டுறன், இண்டைக்குத்தான் அவனுக்கு ஒட்டேலாமப் போச்சு.

றோஸி: ரோட்டில படுற இடமெண்டால் ஒட்டித் தந்திருப்பான். பக்கம் கிழிஞ்சதை ஆர் ஒட்டுவினம்? ஓடேக்க வெடிச்சுதெண்டால்...

பேர்னாட்: நீ அவன்ட ஆளோ?

றோஸி: நான் பேத்தியின்ட ஆள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திற கார்.

பேர்னாட்: சரி, புதுசே போடுவம். ஆனா என்ட சல்லியில இல்லை. முன்னால கட்டுறானே, அந்தக் கம்பனி போடட்டும். லேன் முழுக்க ஆணி. எழுது... 'தங்கள் காவலாளியின் கவனயீனத்தால்...'

அழகுமுத்து: தெனம் கூட்டித்தாங்க விடுறேன், ஐயா...

பேர்னாட்: கூட்டுறாய், எங்கட வாசலுக்கு. எழுதினியோ, றோஸி?

றோஸி: எழுதுறன். உங்கட வாய்க்கு என்ட கை ஓடாது.

பேர்னாட்: 'அன்னாரை உடனடியாக வேலையிலிருந்து நீக்கி...'

றோஸி: டயர் கேக்கிற கடிதத்தில மனுசன்ட வேலையையும் கேக்கோணுமோ?

பேர்னாட்: கேக்கோணும். இல்லாட்டி இவையளுக்கு உறைக்காது.

அழகுமுத்து: இந்த வேலையும் போச்சுன்னா ஹட்டனுக்குத்தாங்க திரும்பணும். அங்க எனக்குன்னு ஒண்ணுமில்லீங்க.

பேர்னாட்: அதை ஆணி கொட்ட முதல் யோசிச்சிருக்கோணும்.

றோஸி: ஒரு நிமிசம். அந்த ஆணி எங்க?

பேர்னாட்: என்ன எங்க?

றோஸி: குத்தின ஆணி. நிலாம் கழட்டித் தந்தவனோ?

பேர்னாட்: ...எங்கேயும் விழுந்திருக்கும்.

றோஸி: நிலத்தில கிடந்த ஆணி எழும்பி வந்து டயரின்ட கன்னத்தில குத்தினதோ?

பேர்னாட்: நீ என்ன, பொலிஸோ?

றோஸி: எழுதிறவள் நான். பிழையா எழுதினால் வெக்கமும் எனக்குத்தான். அழகுமுத்து, நேற்று இவர் வரேக்க நீர் கேற்றிலதானே நிண்டனீர்?

அழகுமுத்து: நின்னேங்கம்மா.

றோஸி: என்ன பாத்தீர்?

அழகுமுத்து: ஐயா கார்ல வந்தாருங்க...

பேர்னாட்: சொல்லு. ஏன் என்ட மூஞ்சையைப் பாக்கிறாய்?

அழகுமுத்து: ஐயா மெதுவாத்தாங்க வந்தாரு. வேற ஒண்ணும் நான் சொல்லலீங்க.

றோஸி: சரி. மடிச்சு, உறையில போட்டு, ஒட்டியும் ஆச்சு. அழகுமுத்து, தபாற்கந்தோருக்கு நீரே கொண்டுபோம்.

பேர்னாட்: இவனிட்டயோ குடுக்கிறாய்?

றோஸி: உங்களுக்கு இப்ப கார் இல்லை. எனக்குக் கால் ஏலாது.

அழகுமுத்து: குடுங்கம்மா. போட்டுட்டு வந்துடுறேன்.

பேர்னாட்: நில்லு... உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு தெரிஞ்சும் கொண்டுபோறியோ?

அழகுமுத்து: அம்மா குடுத்தாங்கல்ல.

பேர்னாட்: ...கிழி, றோஸி.

றோஸி: இவ்வளவு நேரம் எழுது எழுதெண்டு நிண்டீங்க.

பேர்னாட்: கிழி எண்டால் கிழி. ஆணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லேன் முனைக் கல்லில ஏத்திப்போட்டன்.

றோஸி: கல்லைக் காணேல்லையோ?

பேர்னாட்: இடப்பக்கம்... கொஞ்ச நாளா மங்கல். சொன்னால் நீ என்னைக் கார் ஓட விடமாட்டாய்.

றோஸி: கிழிக்கத் தேவையில்லை. கம்பனிக்கு அதில ஒரு சொல்லும் இல்லை. மெல்போணில இருக்கிற எங்கட மகன் ரொனிக்குத்தான் எழுதினனான். கார் ரொனியின்ட பேரிலதானே கிடக்கு. புது டயர் போட்டு வித்துவிடுவம், வாங்கிறவனாவது பயமில்லாமல் ஓடட்டும். நீர் போம், அழகுமுத்து, இவ்வளவு நேரம் உம்மை நிக்கவைச்சதுக்கு மன்னியும். காரை விக்க ரொனி கையெழுத்துப் போடவேண்டிய பத்திரமும் உள்ளுக்குத்தான் இருக்கு... போன மாதம் இவர் வாசல் தூணை உரசிப்போட்டு, லொறிக்காரன் உரசினவன் எண்டு சத்தம் போட்ட அண்டைக்கே அதை எடுப்பிச்சு வைச்சிட்டன்.