நூடுல்ஸ் கடைசியிலதான்

இல்லல்ல, அவருக்கு ஒண்ணும் ஆகலை. தூங்கறாரு. நீ முதல்ல கோட்டைக் கழட்டு, ஷெல்பி. பூட்ஸ் இருக்கட்டும். மார்ச் மாசச் சேத்துல இந்தப் பக்கம் எவ வீட்டுத் தரை சுத்தமா இருக்கு? நர்ஸ் வேலைக்கு நீ வர்ற நாள் இன்னிக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். போன்ல என் குரலைக் கேட்டு பயந்துட்டியா? ஜுரம் இல்ல, இருமல் இல்ல. வயித்துல ட்யூப் போட்ட இடம் சிவக்கலை, காலையில நானே துடைச்சேன். வெர்லினைக் கேட்டா என்ன சொல்வாருன்னுதான் உனக்குத் தெரியுமே. மோசமில்லம்பாரு. டிராக்டர் தன் மேல ஏறி இறங்கினாக்கூட மோசமில்லன்னு சொல்ற மனுஷன்.

உக்காரு. காபி ஊத்தட்டுமா? வேண்டாமா. சரி.

இங்கயே பேசிக்கலாம், சமையக்கட்டுலயே. ஆனா மெதுவா. அவரு கட்டில் அந்த ரூம்ல இருக்கறதால இங்க ஒரு ஸ்பூன் விழுந்தாலும் கேக்கும். முன்னாடி அங்கதான் சாப்பாட்டு மேஜை இருந்துச்சு. கட்டிலைக் கொண்டு வந்தப்ப மேஜையைக் கொட்டகையில போட்டுட்டோம்.

என்ன வாசனையா? ஆமா, அதேதான். மாட்டுக்கறியும் நூடுல்ஸும். விடிஞ்சதும் ஸ்லோ குக்கர்ல வெச்சுட்டேன். இதைச் சமையல்னு சொல்லவே வெக்கமா இருக்கு, கண்ணு. தோள்பட்டைக் கறி ஒரு பெரிய துண்டு, அப்படியே பானைக்குள்ள. மேல ஒரு வெங்காயம். பொட்டலத்துல வர்ற சூப் பொடி, டப்பாவுல வர்ற காளான் சூப்பு, கொஞ்சம் வெண்ணெய், ஒரு டம்ளர் தண்ணி. சின்ன சூட்டுல வெச்சு மூடிட்டு உன் பொழப்பைப் பாக்கப் போயிட வேண்டியதுதான். நடு நடுவுல மூடியைத் திறந்து எட்டிப் பாக்காம இருக்கணும். அந்தப் பானைக்கு நாம செய்யற ஒரே உதவி அதுதான்.

என் மாமியார் கடைசி வரைக்கும் இந்தப் பானையை மன்னிக்கலை, தெரியுமா? அவங்க நூடுல்ஸுக்கு முட்டை ஊத்தி மாவு பிசைஞ்சு, தேச்சு, வெட்டி, கட்டில் மேல துணி விரிச்சுக் காயப்போட்டு செய்யறவங்க. நான் ஐஸ்பெட்டியில இருந்து பாக்கெட்டை எடுத்துக் கொட்டறவ. ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சு விருந்துல எல்லார் முன்னாடியும், சமைக்கறது பானை, பேரு வாங்கறது ஆர்டிஸுன்னு என்னைச் சொன்னாங்க. நான் விட்டேனா? உங்க பாராட்டைப் பானைகிட்ட அப்படியே சொல்லிடறேன் அத்தைன்னேன். வெர்லின் சிரிச்ச சிரிப்புல குழம்பு மூக்கு வழியா வந்துடுச்சு.

இப்பன்னா அந்தச் சிரிப்பே போதும், குழம்பு நெஞ்சுக்குள்ள போயிடும், இல்ல?

சொல்றேன், சொல்றேன், எதுக்குக் கூப்பிட்டேன்னுதானே. இரு, கறியைப் பிரிச்சுப் போட்டுடறேன். ரெண்டு முள்கரண்டி இருந்தாப் போதும், பாரு, தொட்டாலே நாரு நாரா வருது. கறி வேகறது பிரச்சனையே இல்ல. நூடுல்ஸ்தான். அதைக் கடைசியிலதான் போடணும். முன்னாடியே போட்டா கூழாயிடும். போட்டுட்டா அரை மணி, அதுக்கப்புறம் அது யாருக்காகவும் காத்திருக்காது. அதான் பாக்கெட்டைக் கையிலயே வெச்சுக்கிட்டு நிக்கறேன். ஆமா, வெளிய எடுத்து ரொம்ப நேரம் ஆச்சு. ஓரமெல்லாம் இளகிடுச்சு.

காபி ஊத்தட்டுமா? இப்பவும் வேண்டாமா. சரி, ரெண்டு தடவை ஆச்சு.

போன அறுவடையில, மிஷின் மேல உக்காந்திருக்கறப்பவே அவரைப் பக்கவாதம் அடிச்சுச்சுல்ல, ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல நான் சமைக்கறதையே விட்டுட்டேன். எப்படி சமைக்க முடியும்? தொண்டையில ஒரு கதவு இருக்கு, சாப்பாடு இந்தப் பக்கம், மூச்சு அந்தப் பக்கம்னு பிரிச்சு விடறது, அது இவருக்கு இனிமே சரியா மூடாதுன்னு நீதான் படம் போட்டுக் காமிச்ச. தண்ணி ஒரு வாய் குடிச்சாலும் நெஞ்சுக்குள்ள போயிடும்னு சொன்ன. ரெண்டு தடவை நிமோனியா வந்து போனதை நீயே பார்த்த. கட்டிலுக்கு மேல அந்த அட்டையை ஒட்டினதும் நீதான், வாய் வழியா ஒண்ணும் கூடாதுன்னு. அதுக்குக் கீழ அவரைப் படுக்க வெச்சுட்டு நான் இங்க வெங்காயம் வதக்கவா?

ரொட்டியை எடுத்துக்கிட்டு வெளிய போயி வண்டியில உக்காந்து தின்பேன். கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, குளிர்ல. அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். ஒரு நாள் உள்ள வர்றேன், ஆர்டிஸ், வாயோரம் கடுகு சாஸ் இருக்கு, துடைச்சுக்கன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொல்றாரு, அந்தப் பானை பாவம், சும்மாதானே கெடக்குன்னு.

அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல இந்த மனுஷன் வாயைத் திறந்து கேக்க மாட்டாரு. எனக்குப் புரிஞ்சுது. அன்னிலேர்ந்து வாரம் ஒரு நாள் வெக்கறேன். காலையில இருந்து அவரு மூக்கை இந்தப் பக்கமாத் திருப்பிப் படுத்திருப்பாரு. மத்தியானம் ஆனா, வெங்காயம் கரைஞ்சிருக்கும்பாரு. சரியாச் சொல்வாரு. சாயங்காலம் உருளைக்கிழங்கை மசிச்சு, அது மேல இதை ஊத்தி, நான் இங்க நின்னுக்கிட்டே தின்பேன். அங்கேர்ந்து குரல் வரும், உப்பு போதுமான்னு. போதும்பேன். எப்படி இருக்குன்னு கேப்பாரு. சுமார்தான்னு சொல்வேன். பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அவரு, அடுத்த தடவை நல்லா வரும் விடுன்னுவாரு. வெள்ளையா பால் மாதிரி ஒண்ணு அவரு வயித்துக்குள்ள சொட்டு சொட்டா இறங்கிட்டிருக்கும். என் தட்டுல இருக்கறது தொண்டையில நிக்கும். யாருக்குத் தொண்டை கெட்டுப்போச்சுன்னே தெரியாது போ.

என்ன, உங்கப்பாவும் அப்படித்தானா? வேணும்னு கேக்கவே மாட்டாரா? இந்த ஊரு ஆம்பளைங்களை ஒரே அச்சுல வார்த்திருக்காங்க. சரி, மூணாவது தடவை கேக்கறேன், காபி? பாத்தியா. எனக்குத் தெரியாதா? தொல்லை இல்லன்னா கொஞ்சமாம். நீயும் இந்த ஊருப் பொண்ணுதானே. பால் அங்க இருக்கு, எடுத்துக்க.

இவரு என்னைப் பாக்க முதல் தடவை வீட்டுக்கு வந்தாரு. எங்கம்மா சிகாகோக்காரங்க, வெடுக்குனு பேசறவங்க. ஆப்பிள் பை வெச்சாங்க. இவரு, ஐயோ வேண்டாம்னாரு. இன்னொரு தடவை கேட்டாங்க. இல்லல்ல, வயிறு நெறைஞ்சிருக்குன்னாரு. எங்கம்மா தட்டை எடுத்து உள்ள வெச்சுட்டாங்க. முடிஞ்சது. காலையில இருந்து பட்டினி கெடந்துட்டு வந்த மனுஷன், அம்மா மூணாவது தடவை கேப்பாங்கன்னு கதவுகிட்ட நின்னு, தொப்பியைத் திருப்பித் திருப்பி, வானிலை பேசி, சோளம் விலை பேசி, போயிட்டு வரேன் போயிட்டு வரேன்னு அரை மணி நேரம் பேசியிருக்காரு. அம்மா கேக்கவே இல்ல. கெண்டல் பொறந்ததுக்கப்புறம்தான் இதை என்கிட்ட சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி வழியில வயல்ல பச்சை சோளத்தை ஒடிச்சுத் தின்னாராம்.

சிரிக்காத, எழுந்துடப்போறாரு.

ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுல்ல? நீ அப்புறம்தானே வந்த. அந்த டாக்டரு கிழக்குக் கடற்கரைப் பக்கத்துக்காரரு, நல்ல மனுஷன், பொறுமையாப் பேசினாரு. இனிமே வாயால சாப்பிட முடியாது, வயித்துல ட்யூப் வெக்கலாமான்னு கேட்டாரு. வெர்லின், வேண்டாம் டாக்டர், பரவாயில்லன்னாரு. வெக்கலன்னா என்ன ஆகும்னு டாக்டர் விவரமா சொன்னாரு. நாக்கு குழறக் குழற, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னாரு இவரு. சாயங்காலம் டாக்டர் மறுபடியும் வந்தாரு. நானும் கெண்டலும் கட்டில்கிட்ட நிக்கறோம். மூணாவது தடவையாக் கேட்டாரு. வெர்லின் எங்க மூஞ்சியைப் பாத்தாரு. சரி, உங்களுக்குத் தொல்லை இல்லன்னா வெச்சுக்குங்கன்னாரு.

புரியுதா உனக்கு? இவரு மனசு மாறிட்டாருன்னு அந்த டாக்டரு நெனச்சுக்கிட்டாரு. நானும் கெண்டலும், முதல் ரெண்டும் மரியாதைக்குச் சொன்னது, மூணாவதுதான் நெசம்னு நெனச்சோம். எல்லாருக்கும் அப்பாடான்னு ஆச்சு. நான் அவரு நெத்தியில முத்தம்கூடக் குடுத்தேன். இப்ப ராத்திரியில படுத்துக்கிட்டு யோசிக்கறேன். ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னாரே, அது நெசமாவே வேண்டாமா? மூணாவது தடவை சரின்னு சொன்னதுதான் மரியாதையா? இத்தனை வருஷம் ஒரே கட்டில்ல தூங்கியிருக்கேன், எனக்குத் தெரியலை, ஷெல்பி. அவரைக் கேட்டேன். அதெல்லாம் மோசமில்லன்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல எங்க போய்க் கேக்கறது?

அழலை. வெங்காயமும் இல்ல, அது காலையிலயே போட்டாச்சு. கிழங்கு வெந்த ஆவி, கண்ணாடியில படிஞ்சிருக்கு. அந்த மத்தை எடு. மசிச்சுக்கிட்டே சொல்றேன்.

காலையில பானையைப் போட்டுட்டு அவரு போர்வையைச் சரி பண்ணப் போனேன். நல்ல கையால என் கையைப் புடிச்சாரு. அவரு பேச்சு உனக்கு முழுசாப் புரியாது, எனக்குப் புரியும். ஆர்டிஸ், எனக்குப் பசிக்குதுன்னாரு. பால் ஏத்தி அரை மணிகூட ஆகலையேன்னேன். அதில்லன்னாரு. இன்னிக்கு நானும் சாப்பிடறேன், எனக்கும் ஒரு தட்டு போடுன்னாரு.

அந்த மனுஷன் வேணும்னு ஒண்ணைக் கேட்டு நான் கேட்டதே இல்ல. என் அப்பாகிட்ட என்னைக்கூட அப்படிக் கேக்கலை. நிலத்தைப் பத்திப் பேசிட்டே இருந்தாரு, எங்கப்பா தானாப் புரிஞ்சுக்கிட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியாம, நூடுல்ஸ் இன்னும் போடலையேன்னேன். அதுதான் என் வாயில வந்துச்சு. போடறப்ப போடுன்னாரு. நெஞ்சுக்குள்ள போயிடும் வெர்லின்னேன். தெரியும்னாரு. இன்னொரு நிமோனியாவை உடம்பு தாங்காதாமேன்னேன். தெரியும், ஆர்டிஸ். நான் அப்படியே நின்னேன், பரவாயில்ல விடு, உனக்கு எதுக்குச் சிரமம்னு இப்ப சொல்லிடுவாருன்னு. சொல்லலை. கையையும் விடலை.

கெண்டலுக்குப் போன் பண்ணேன். டிராக்டரை நிறுத்தினான். அப்புறம், எப்ப வெந்திரும்மான்னு கேட்டான். சாயங்காலம்னேன். கை கழுவிட்டு வந்துடறேன்னு வெச்சுட்டான். கொட்டகைக் கதவு திறக்கற சத்தம் கேக்குதுல்ல? மேஜையை உள்ள கொண்டு வரப் போறான்.

எங்க எழுந்துட்ட? டாக்டருக்குச் சொல்லணுமா? சொல்லு, கண்ணு. உன் வேலை அது, நான் குறுக்க நிக்கலை. அவரை எழுப்பி நீயே கேளு. நான் பக்கத்துல வரலை, என் மூஞ்சியைப் பாத்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். எத்தனை தடவை வேணும்னாலும் கேளு. மாத்திச் சொன்னாருன்னா இந்தப் பாக்கெட்டைத் திருப்பி ஐஸ்பெட்டியில வெச்சுடறேன். கடவுளே, வெச்சுடறேன்.

போயிட்டு வா.

வந்துட்டியா. ம். அதேதானா.

அந்த அட்டையைக் கழட்டச் சொன்னாரா? கழட்டினியா? குடு, அப்படி வெய்யி.

சரி. பெரிய சூட்டுக்குத் திருப்பிட்டேன். கொட்டிட்டேன், பாரு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, தானாப் பிரிஞ்சுடும். அரை மணி. நீ போகாத, ஷெல்பி. போன்ல இதுதான் சொல்ல வந்தேன், வாய் வரலை. அவரை எப்படி உக்கார வெக்கணும்? தலையைக் குனியணுமா, நிமிரணுமா? எந்த ஸ்பூன்? மலை மாதிரி கிழங்கு வெச்சு மேல வழிய வழிய ஊத்தித்தான் அந்தத் தட்டு எனக்குப் பழக்கம். ஒரு நூடுல்ஸை எத்தனை துண்டா நறுக்கணும்னு எனக்குத் தெரியலை, கண்ணு.