அது அம்பாசடர் என்றேன்

பழைய காரை அடையாளம் காண முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள் சார். பின்னால் போய் நில்லுங்கள். பின் மட்கார்டின் மேல் சின்னதாகத் துடுப்பு மாதிரி எழும்பியிருந்தால் அம்பாசடர். மழமழவென்று இறங்கினால் அதற்கு முந்தைய லேண்ட்மாஸ்டர். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் செல்வநாதனும்.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவில் வண்டிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்கள். வரிசையில் நிற்கும் பழைய கார்களைப் பற்றி மைக்கில் நான்தான் சொல்வேன். இரண்டு வருடத்துக்கு முன், செல்வநாதனின் வண்டியைப் பூமாலையால் மூடியிருந்தார்கள். அவசரத்தில் அம்பாசடர் என்று சொல்லிவிட்டேன். அவர் மைக்கை வாங்கினார்.

"லேண்ட்மாஸ்டருங்க இது. நம்ம வேல்முருகன் சாருக்கே கண்ணு மங்கிப்போச்சு போல."

பங்குச் சாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம், காரைப் போட்டோ எடுக்கலாம் என்று ஆலத்தியூர்ப் பக்கம் வேலை நின்றுபோய்த் தண்ணீர் தேங்கிய சுண்ணாம்புக்கல் குழிக்கு அவரை வரச்சொன்னேன். நல்ல மனிதர். வண்டியைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்தார்.

இந்தக் கோடையில் குழி வற்றி, சேறு அப்பிய கார் ஒன்று வெளியே தெரிந்தது. நம்பர் பிளேட் இல்லை, நான்தான் கழற்றியிருந்தேன். என்ன வண்டி என்று கேட்க ஸ்டேஷனிலிருந்து நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். காணாமல்போன செல்வநாதனின் மனைவி சாந்தி மேரி கரையில் நின்றிருந்தார்.

"எங்க வூட்டு வண்டிங்களாண்ணே?"

"இல்லம்மா. இது அம்பாசடர்."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்ப எங்கயோ உசுரோட இருக்காருண்ணே."

இன்றைக்கும் புருஷனுக்கும் சேர்த்தே உலை வைக்கிறாராம். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

நேற்று சென்னையிலிருந்து வந்த நிபுணர் அது லேண்ட்மாஸ்டர் என்று சொல்லிவிட்டார். நீங்கள் என்மேல் கோபப்படக்கூட இல்லை. "பாவம், தெரியாம சொல்லிட்டீங்க, வூட்டுக்குப் போங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த நிபுணர் ஓரமாக நின்று சிரித்தார். அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

செல்வநாதனை ஜாக்கி லீவரால் பின்மண்டையில் அடித்தேன் சார். காரைக் குழிக்குள் தள்ளிவிட்டேன். அவர் பக்கத்துக் குழியில் கிடக்கிறார், அது இன்னும் வற்றவில்லை. சாந்தி மேரியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் அந்தச் சென்னைக்காரரிடம் சொல்லுங்கள், லேண்ட்மாஸ்டர் என்று எனக்குப் பார்த்ததுமே தெரியும்.