மூணாவது மெஷினப் பத்தி கேட்டீங்களே

கைய எடுங்க சார், மவுஸ விடுங்க. ஒண்ணியும் அழியல. நீங்க அடிச்ச மெயிலு அப்டியே கீது, பக்கத்து டெஸ்க்டாப்புல. இது விண்டோஸ் இல்ல சார், லினக்ஸு. இதுல ஒரே ஸ்க்ரீனுக்குள்ள நாலு டெஸ்க்டாப்பு, ஒரு வூட்ல நாலு ரூமு மாதிரி. மவுஸ ஓரத்துல இடிச்சா அடுத்த ரூமுக்கு பூடும். அப்டி செட் பண்ணி வெச்சது நான்தான். திட்றதுன்னா திட்டிக்கோங்க, உத்திரமேரூர்ல பாதி பேரு திட்டியாச்சு.

இன்னா கேட்டீங்க? சந்தியா அக்காவா? வரும் சார். தினம் வரும். மூணாவது மெஷினு.

ஏன் கேக்கறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். ஜாதகம் பொருந்திச்சின்னா, பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்ன மாப்ள வூட்டு ஆளு ஊருக்குள்ள வந்து விசாரிச்சிட்டு போவும், தெரிஞ்சதுதான. முன்ன டெய்லர் கடை, டீக்கடை. இப்ப பிரௌசிங் சென்டரு. பழையசீவரம்தான நீங்க? மாப்ளயோட ஃப்ரெண்டா? சரி, ஃப்ரெண்டு.

அக்கா எப்டின்னா... அத்த சொல்றதுக்கு முன்ன இந்த மெஷினுங்களப் பத்தி சொல்லணும். நெசமாத்தான் சார், சம்பந்தம் கீது.

எங்க ஓனரு முத்துகிருஷ்ணன் அண்ணன். திருட்டு விண்டோஸ் வெச்சிருந்தா போலீஸ் வரும்னு எவனோ சொல்ல, பயந்துக்கினு, ஃப்ரீயா கெடைக்கறத போட்றான்னாரு. நான் யாரு? பத்தாவதுல கணக்குல ரெண்டு வாட்டி கோட்டை விட்டு, ஸ்கூலே வேணான்னு வந்தவன். கம்ப்யூட்டர் புக்கோட ஃப்ரீயா வந்த லினக்ஸ் சீடிய போட்டேன். போட்டா, டெஸ்க்டாப்பே ரெண்டு வகை. கேடிஈன்னு ஒண்ணு, க்னோம்னு ஒண்ணு. எது வோணும்னு என்னியே கேக்குது. அதுவரிக்கும் என்ன யாரும் எதுவும் கேட்டதில்ல.

கேடிஈல எத்த வேணா மாத்தலாம். அதான் அதோட பேஜாரே. என்ன மாதிரி ஆளு கைல குட்த்தா எல்லாத்தியும் மாத்துவான். ஸ்க்ரீனுக்கு கீழ இருந்த மெனு பட்டைய மேல தூக்கனேன். அப்பால அத்த கண்ணாடி மாதிரி ஆக்கனேன். ஸோக்கா இருந்திச்சி, ஆனா மெனு எங்க கீதுன்னு எனக்கே தெர்ல. எத்தயாவது தொறந்தா மவுஸ் பக்கத்துல சின்ன படம் ஒண்ணு குதிக்கும். மானாம்பதிலேர்ந்து ஒரு பெரியவரு பேத்தி ரிசல்ட்டு பாக்க வந்தவரு, பூச்சி குதிக்குதுப்பான்னு துண்டால போட்டாரு பாருங்க ஒண்ணு. அவரு மானிட்டர அடிச்சாரு, ஓனரு என்ன அடிச்சாரு.

க்னோம் அப்டி இல்ல. ரொம்ப மாத்த வுடாது. ஒனக்கு இன்னாத்துக்குடா இதெல்லாம், வந்த வேலய பாருன்ற மாதிரி நிக்கும். எனக்கு புடிக்கல. வர்றவங்களுக்கு அதான் புடிச்சிது. தினம் குந்தி வேல செய்றவங்களுக்கு இதுதான்டா சரின்னு சந்தியா அக்காதான் சொல்லிச்சி. என் மெஷின்ல நீ கைய வெச்சா ஒடச்சிடுவேன்னும் சொல்லிச்சி. இந்த கடையில நான் கெடுக்காத மெஷினு அது ஒண்ணுதான்.

இல்ல சார், பேச்ச மாத்தல. வரேன்.

அந்த ஸ்க்ரீன பாருங்க, மெனு பூரா தமிழ். அதுல கொஞ்சம் அக்கா போட்டது. எங்கெங்கியோ கீற ஆளுங்க மெயில்லயே பேசிக்கினு இத்த தமிழாக்கறாங்க, அக்காவும் அதுல ஒண்ணு. ஃபைலுக்கு கோப்புன்னு போட்டிச்சி. கோப்புன்னா இங்க எவனுக்குக்கா தெரியும்னேன். ஒனக்கு தெரியலன்னா ஊருக்கே தெரியாதாடான்னிச்சி. அப்பால ஒருநாளு ஏரிக்கரை இருளர் குடியிருப்புலேர்ந்து இருசப்பன்னு ஒருத்தரு பையன கூட்டிக்கினு வந்தாரு. மெனுல மூடுன்னு எயுதியிருந்தத எயுத்துக்கூட்டி படிச்சிட்டு, அத்த அமுக்கி அவரே மூட்னாரு. தொறக்கச் சொல்லி மறுபடி மூட்னாரு. சிரிப்பு அவருக்கு. எனக்கு எரிச்சலு, கூட்டம் நிக்கிது. அக்கா மட்டும் அந்தாண்டயே நின்னு பாத்துக்கினு இருந்திச்சி.

எவன்கூடயாவது பேசுதான்னா?

அத்த கேப்பீங்கன்னு தெரியும். தண்ணி வோணுமா சார்? ஃபேன் பெருசா வெக்கட்டா? கேடிஈல ஸ்க்ரீன் சேவரு கூட... சரி சார். சரி.

ஃப்ரெண்டெல்லாம் இல்ல, மாப்ளயே நீங்கதான். உங்க ஃபோட்டோவ அக்கா இங்கதான் மெயில்ல தொறந்து பாத்திச்சி. நான் பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். ஃபோட்டோல மீசை இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். அக்கா அத்த மூடிடுச்சி. உங்கள புடிக்கலன்னு இல்ல சார், நீங்க மொகத்த அப்டி வெக்காதீங்க. இந்த தமிழ் வேலய பாத்துட்டு பெங்களூர்ல ஒரு கம்பெனி அத்த வரச் சொல்லிக்கீது. போவணும்னு அதுக்கு ஆச. அவங்க நைனா, மொதல்ல கல்யாணம், அப்பால புருசன் வுட்டா போன்னுட்டாரு. கல்யாணம் இப்ப வேணான்னு அவருகிட்ட சொல்ல அதுக்கு பயம். நீங்க வுடுவீங்களா மாட்டீங்களான்னு எனக்கு தெர்ல. அத்தயே கேளுங்க, வர்ற நேரம்தான்.

நேத்து அக்கா என்கிட்ட சொல்லி வெச்சிது. எவனாவது விசாரிக்க வந்தா, அது மூணாவது மெஷின்ல ஒருத்தன்கூட தினம் சாட் பண்ணிக்கினு கீதுன்னு சொல்லுடா, தானா ஓடிடுவான்னு. அவனுக்கு பேரு கூட வெச்சி குட்த்திச்சி, விஜய்னு. காலைலேர்ந்து கண்ணாடிய பாத்து சொல்லி சொல்லி பாக்கறேன். நீங்க உள்ள வந்ததுலேர்ந்து அத்த தள்ளி போட்டுக்கினே வந்தேன். அதான் க்னோமு, கேடிஈன்னு ஒளறிக்கினு கீறேன். அக்கா கேட்டது அந்த ஒரு பொய்யிதான் சார். சொல்ல வர்ல எனக்கு.