திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

மேடையில் இருக்கும் டாக்டரம்மா அவர்களே, மருந்தாளுநர் சங்கத்துத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் துணைவியாரே, மகளே, பெரியோர்களே, வணக்கம்.

முப்பத்தாறு வருடம் வகுப்பில் நின்று பேசியவன் நான். இன்று ஒன்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். நம்மை விட்டு மறைந்த மருந்தாளுநர் அண்ணனை எல்லோரும் 'கிசுகிசு அண்ணன்' என்று கேலி பேசினோமே, அந்தப் பெயரை வைத்தவன் யார்? நான்தான்!

ஏன் வைத்தேன்? ஓர் உதாரணம் சொல்கிறேன். லாரி டிரைவர் ஒருவர் கடைக்கு வருவார். இருமல் மருந்து கேட்பார். வாங்கிய பிறகும் நகரமாட்டார். அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, பிரஷர் பார்த்துடலாம்" என்பார். பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுல என்னண்ணே வெட்கம்? கண்ணு மங்கினா கண்ணாடி போடுறோம்ல! சுகர் பார்த்தீங்களா? நெஞ்சுவலிக்கு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்பார். விறைப்புக் குறைபாடு என்று வந்த எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்குமென்று முதலில் சந்தேகப்பட்டு டாக்டரம்மாவிடம் அனுப்பியவர் அவர்!

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ஆண்கள் தலைகுனிந்து திரைக்குள் போவதைப் பார்த்தேன். ஏதோ அசிங்கம் நடக்கிறது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். ஆம், அதை எழுதியவன் நான்! அதிகாரி வந்தார். கடிதத்தை அண்ணனிடமே காட்டி விளக்கம் கேட்டார். தப்பாக ஒரு மாத்திரைகூட அகப்படவில்லை. ஆனாலும் வீண் பேச்சு எதற்கென்று திரையைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

அண்ணன் சும்மா இருந்தாரா? அதே கேள்விகளைச் சின்னத் தாளில் எழுதி மேசைமேல் தள்ளினார். வந்தவர் வாயே திறக்க வேண்டாம், பதிலை எழுதித் தந்தால் போதும்.

நாலு வருடம் கழித்து எனக்கே அந்தக் கஷ்டம் வந்தது. மனைவியிடம் எரிந்து விழுந்தேன். தனி அறையில் படுத்தேன். கடைசியில் அண்ணனிடம் போய் இருமல் மருந்து கேட்டேன்! தாள் வந்தது. விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை வேண்டும் என்றும், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை உண்டு என்றும் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளையே பார்த்தபடி நின்றார். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகியவருக்கு, இந்த வாத்தியார் மொட்டைக் கடிதத்தில் எழுதிய அதே குண்டு எழுத்து அடையாளம் தெரியாதா?

"இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும் சார்" என்றார். நான் வாசல் பக்கம் திரும்பினேன். "பயப்படாதீங்க, வெளிய போகாது. ஆனா நீங்க கேக்குற மாத்திரையைத் தரமாட்டேன். அதுவும் உங்க நெஞ்சுவலி மாத்திரையும் சேர்ந்தா பிரஷர் மடமடன்னு இறங்கிடும், உயிருக்கே ஆபத்து. டாக்டரம்மாவைப் பாருங்க. வீட்ல அக்காகிட்டயும் சொல்லிடுங்க. தன்மேல ஏதோ வெறுப்புன்னு அவங்க நினைச்சுட்டு இருப்பாங்க, பாவம்."

என் கண்முன்னே தாளை நாலாகக் கிழித்துப் போட்டார்.

அவர் என்னைப் பழிவாங்க நினைத்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம்! எதுவும் சொல்லாமல் மாத்திரையை நீட்டியிருந்தால் போதும்!

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. ஆறு வருடம் அந்தக் கடையைத் தினமும் கடந்து போனேன். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே போனேன்.

மகளே, இனி அந்த மேசைக்குப் பின்னால் நிற்கப்போவது நீ. அதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் கடிதம் அவதூறு, திரையை மறுபடி மாட்ட அனுமதியுங்கள் என்று. இந்த முறை கீழே என் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. நீயும் அம்மாவும் படித்த பிறகு தபாலில் சேர்க்கிறேன்.

இங்கே தயங்கி நிற்கும் ஆண்கள் யாராவது இருந்தால் என்னிடம் வாருங்கள். அந்த நாற்காலி வரை நானும் கூட வருகிறேன். இருமல் மருந்து கேட்க வேண்டாம்.