குப்பைக்குப் போக வேண்டிய மெயிலு

அதில்லம்மா, அழிக்கிறது எனக்கே தெரியும். டிக் அடிச்சு டெலிட்டு, அது கை வலிக்க வலிக்கத் தினம் பண்றதுதான். நான் கேக்குறது வேற. மெயிலு உள்ள வரும்போதே வாசல்ல பிடிச்சு, நீ இங்கிட்டுப் போ, நீ அங்கிட்டுப் போன்னு தானா தள்ளிவிடுமாமே, ரூலுன்னு. அதப் போட்டுக் குடுங்க. எம்புட்டு நேரம் ஆனாலும் பரவால்ல.

இல்ல, வீடு பழங்காநத்தம் இல்ல. நமக்குக் காமராசர் சாலைப் பக்கம். ஆமா, அங்கயும் தெருவுக்குத் தெரு சென்டர் இருக்கு. ஆனா எல்லாப் பயலுக்கும் என்னத் தெரியும். அதான் பஸ் மாறி இங்க வந்தேன். நாகஜோதி பிரவுசிங் சென்டர்னு போர்டப் பார்த்தேன். பொம்பளப் பிள்ளை நடத்துற கடைன்னா கேள்வி கம்மியா இருக்கும்னு மாடி ஏறிட்டேன். சிரிக்காதீங்க. கேக்குறீங்கதான், ஆனா மரியாதையா கேக்குறீங்க.

என் பேரு ராஜகுரு. சாயப்பொடி ஏஜென்சி. எங்க அண்ணன் ராமமூர்த்தியும் நானும் சேந்து பாக்குறோம். ஒரே கடை, ஒரே வீடு, ஒரே அடுப்பு. மெயிலும் அதே மாதிரி ஒண்ணுதான். காலைல அண்ணன் மகன் உமேஷ் திறப்பான். அவன் பார்த்து மிச்சம் வச்சதத்தான் நான் பார்க்கணும்.

இருங்க, பாஸ்வேர்டு போட்டுக்கிறேன். ம்... பார்த்தீங்களா, எம்புட்டுன்னு? லாட்டரி விழுந்துருச்சாம். ஆப்பிரிக்காவுல செத்துப்போன மந்திரியோட சம்சாரம் பாதிச் சொத்த எனக்குத் தாராங்களாம். எங்க அண்ணன் ரெண்டு நாளா, நெசமா இருக்குமோன்னு யோசிச்சாரு. அய்யோ, அந்த மாத்திரை விக்கிறவன் மெயில அமுக்கிராதீங்கம்மா, படம் வந்துரும். அண்ணன் ஒருநாள் அமுக்கிட்டாரு. நாமம் போட்டு, பெருமாளுக்கு விளக்கேத்திட்டு வந்து உக்காந்த மனுசன். ஸ்கிரீன் பூராம் பொம்பளைங்க. எந்திரிச்சு நேரா வீட்டுக்குப் போயி குளிச்சுட்டு வந்தாரு. மெயிலு பார்த்துட்டுக் குளிச்ச ஆளு மதுரைக்குள்ள அவரு ஒருத்தராத்தான் இருக்கும். அன்னைலருந்து ஸ்பேம்ங்கிற கூடைப் பக்கம் எவனும் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு. உமேஷும் தொடுறதில்ல.

அதுக்கில்லம்மா. எனக்கு ஒரே ஒரு மெயிலுதான் வேணும். அது என் கையில சேரணும், வேற ஒருத்தன் கையில சேரக் கூடாது. வருமான்னே தெரியாது. வந்தா.

ஓ, இந்தக் கட்டத்துல வார்த்தை, இந்தக் கட்டத்துல எங்க போகணும்னா? அம்புட்டுதானா? உமேஷு இத என்னமோ பெரிய வித்தை மாதிரில்ல பேசுனான்.

இல்ல இல்ல, லாட்டரிக்காரனத் தடுக்க வேணாம். அவன் பாட்டுக்கு வரட்டும். நான் சொல்ற மெயிலுதான் ஸ்பேமுக்குப் போகணும். ஆமா, சரியாத்தான் சொல்றேன். வேண்டாத மெயிலு இல்லம்மா, அதுதான் வேண்டிய மெயிலு. குப்பைக்குள்ளதான் யாரும் தேட மாட்டாங்க.

எனக்குன்னு தனியா ஒரு மெயில் ஐடி போடலாமேங்கிறீங்களா? போடலாம். போட்டு? எழுதுற ஆளுக்குத் தெரிஞ்ச வாசல் இது ஒண்ணுதான். இந்த ஐடியப் போட்டதே அவதான். காலேஜ் சேந்த புதுசுல கடைல உக்காந்து, இனிமே பொடி அனுப்புற சூரத்துக்காரனுக்குப் போன் போட்டுக் கத்த வேணாம்ப்பான்னு சொல்லிப் போட்டுக் குடுத்தா. அவ போன மறுநாளே உமேஷ் பாஸ்வேர்ட மாத்திட்டான்.

மகதான். காவ்யஸ்ரீ. அய்யய்யோ, அப்படிப் போகல. உசுரோட நல்லாத்தான் இருக்கா. இருக்கணும். பேரையூர்ப் பக்கத்துப் பையன், முத்துப்பாண்டின்னு, கூடப் படிச்சவன். எங்க ஆளுக இல்ல. வீட்டுக்குள்ள நாங்க பேசுறது தமிழ் இல்ல, வேற பாசை, அவனுக்கு அது இல்ல. பையன்கிட்ட ஒரு குறை எனக்குத் தெரியாது. அதுதான் கஷ்டமே. தெரிஞ்சா திட்டிக்கிட்டாவது இருக்கலாம்ல. அண்ணன் எல்லாத்தையும் கூப்பிட்டு, தலை முழுகிருவோம்னாரு. வைகைல தண்ணி ஏது? கொல்லைல அடிபம்புகிட்ட வரிசையா நின்னோம், எழவுக்குப் போயிட்டு வந்த மாதிரி. உமேஷ் பம்ப அடிச்சான், ஒவ்வொருத்தரா தலையக் குடுத்தோம். எங்க வீட்டுல ஹம்சவேணி அன்னைக்கித் தலையத் துவட்டவே இல்ல. சொட்டச் சொட்ட அப்படியே உலை வச்சா.

எதுத்துப் பேச வேண்டியதுதானன்னு கேக்குறீங்க. கேளுங்க. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். பாகத்தப் பிரிச்சுக்கிட்டு வெளிய வந்துருடான்னு ஒரு மனசு. இந்த வயசுல எங்க போயி எந்தப் பொடிய விக்கப்போறேன்னு ஒரு மனசு. அண்ணன் மேல இருக்கிறது பயமா பாசமான்னே எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலம்மா. அவரும்தான் என்னத் தூக்கி வளத்தாரு.

அவ மெயில் அட்ரஸா? அது தெரிஞ்சா நானே எழுதிருவேனே. போன மாசம் ஒண்ணு வந்துருக்கு. உமேஷ் பார்த்துட்டான். மத்தியானம் சாப்பிடும்போது, ஒரு குப்பை வந்துச்சுப்பா, தூக்கிட்டேன்னு அவங்கப்பாகிட்டச் சொல்றான். நான் எதுத்தாப்புல உக்காந்துருக்கேன். ரசத்த இந்தப் பக்கம் தள்ளுங்க சித்தப்பாங்கிறான். எந்தப் பேருல வந்துச்சுடான்னு கேக்க முடியுமா? ரசத்தத் தள்ளுனேன்.

அதான் வார்த்தைய வச்சுப் பிடிக்கலாமான்னு பார்க்குறேன். அவ எழுதுனா எங்க வீட்டுப் பாசைய இங்கிலீஷ் எழுத்துல எழுதுவா. அதுல அப்பாவக் கூப்பிடுற வார்த்தை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் தள்ளுங்க, நானே அடிக்கிறேன். இந்தா. இத லாட்டரிக்காரன் எழுத மாட்டான், கடைக்கு எழுதுற எவனும் எழுத மாட்டான்.

அவ எழுதுவாளான்னு கேக்குறீங்க. ம். தலை முழுகுன ஆள என்னன்னு கூப்பிடுவா? மதிப்பிற்குரிய ராஜகுரு அவர்களுக்குன்னு கூட எழுதலாம். எழுதுனா நேரா உமேஷ் கையிலதான் போயி விழும். தெரியுதும்மா, தெரியாம இல்ல. சரி, அம்மாவக் கூப்பிடுற வார்த்தையும் இன்னொரு ரூலாப் போட்டுருங்க. அவகிட்டயாவது கோவம் இல்லாம இருக்கலாம்.

டெஸ்ட்டா? உங்க மெயில்லருந்தா? அனுப்புங்க. என்ன எழுதவா? அந்த வார்த்தைய மட்டும் எழுதுங்க, போதும்.

வந்துருச்சு. ஆமா, ஸ்பேமுக்குள்ளதான் விழுந்துருக்கு. மாத்திரைக்காரனுக்கு மேல.

அழிக்க வேணாம்மா. இருந்துட்டுப் போகட்டும்.

ஒரு மாசம்தான் இருக்குமா? அப்புறம் தானா அழிஞ்சிருமா? சரி. அதுக்குள்ள வந்து வந்து பார்த்துக்கிறேன். பரவைல பொடி வாங்குற பார்ட்டி ஒருத்தரப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துருவேன். கடைல வச்சு அந்தக் கூடையத் திறந்தேன்னா, தம்பி இந்த வயசுல படம் பார்க்குறான்னுல்ல அண்ணன் நினைப்பாரு. நினைச்சா நினைச்சுட்டுப் போறாரு, பிறகு அதையும் பூட்டிருவாரு.

இன்னும் ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். மெயிலோட போட்டோ எதுவும் ஒட்டி வந்தா அதையும் சேத்துத்தான தள்ளும்? விட்டுறாதே? இல்ல, உமேஷ் தூக்குனான்ல, அதுல ஒண்ணு இருந்துச்சாம். அவன் பொண்டாட்டி அடுப்படில வச்சு ஹம்சவேணிகிட்ட மெதுவாச் சொல்லிருக்கா. கைப்பிள்ளை படமாம். ஆணா பொண்ணான்னு உமேஷ் பார்க்கலயாம்.