பல்பை விட்டு விலகிப் படுத்த முயல்

அவைக்குத் தலைமை தாங்கும், அறுவடை நாளிலும் ஒரு புத்தகத்தைத் துண்டில் சுற்றி வயலுக்குக் கொண்டுபோகும் மணியன் ஐயா அவர்களே, எங்கள் விடிவெள்ளி வாசகர் வட்டத்தை விளக்கணையாமல் காத்துவரும் பெரியவர்களே, பண்ணையில் கோழிக்குத் தீவனம் போட்டு, உண்டும் உண்ணாமலும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்த அண்ணன்மார்களே, லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்த மாமன்மார்களே, முன்வரிசை மணலில் அமர்ந்து, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருக்கும் கூடைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமைத் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவரின் முன்னும் தனப்பிரியாவின் கைகள் குவிகின்றன.

மேடையும் எனக்குப் புதிது, மைக்கும் எனக்குப் புதிது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, என் தாய்மாமன் ஜெகதீஸ்வரன் அவர்களின் கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து அட்டையில் அடுக்குகிறவள் நான். கோழிகளோடு பேசிப் பழகிய வாய் இது. கோழிகள் கைதட்டுவதில்லை, அதனால் எனக்குப் பயமும் இருந்ததில்லை. நீங்கள் தட்டுகிறீர்கள், பயம் வந்துவிட்டது.

பயந்தாலும் நான் ஏன் நிற்கிறேன்? இந்தக் கூட்டம் முடிந்ததும் அந்தக் கூடைகள் திறக்கப்படும். ஆண்டு முழுவதும் நூலகத்தில் நிறையப் படித்த குழந்தைகளுக்கு ஆளுக்கொரு வளர்ப்பு முயல் பரிசு என்று ஐயா அறிவித்திருக்கிறார். அவரவருக்குப் பிடித்ததை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கக் கூடைகளில் இருப்பவை குட்டை முடி முயல்கள். வலப்பக்கக் கூடையில் இருப்பவை ஐயா ஆசை ஆசையாய் ஏற்காடு ஏறிப் போய், தன் கையாலேயே தேர்ந்தெடுத்து இறக்கி வந்த அங்கோரா முயல்கள். பார்த்தீர்களா அவற்றை? முகம் எங்கே, முதுகு எங்கே என்று தெரியாத முடி. ஊதினால் பறக்குமோ என்று தோன்றும் வெண்மை. குழந்தைகளின் கண்ணெல்லாம் அந்த ஒரு கூடையில்தான் இருக்கிறது.

பங்குனி பிறந்துவிட்டது. சித்திரை வாசலில் நிற்கிறது. எந்தக் கை எந்தக் கூடைக்குள் போகிறதோ, அதைப் பொறுத்து ஓர் உயிர் இருக்கும் அல்லது இல்லாமல் போகும். ஐயாவை வைத்துக்கொண்டே அவர் வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லாமல் இறங்கிப் போகவும் மனம் வரவில்லை.

என்னங்க பொன்னாத்தா அத்தை? "ஏனம்மிணி, முயலு வளத்தறதுக்கா, வறுக்கறதுக்கா?" என்று கேட்கிறார்கள். சிரிக்காதீர்கள், கறிக்கு முயல் வளர்க்கும் வீடுகள் நம் பக்கம் உண்டு, கேள்வி நியாயமானதுதான். அத்தை, இவை வளர்ப்பதற்கு. கூட்டம் முடியும் வரைக்கும் உங்கள் வாணலியைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள்.

பெரியோர்களே, முயலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மடியில் அடங்கும் ஓர் உடம்பில் இயற்கை எத்தனை நுட்பத்தை அடக்கியிருக்கிறது. அதன் பல் வாழ்நாளெல்லாம் வளரும். அது மெல்லும் புல்லே அந்தப் பல்லைத் தேய்க்கும். தலையைத் திருப்பாமலே தன் முதுகுக்குப் பின்னால் வருவதைப் பார்க்கும் கண் அதற்கு. குட்டி ஈனும் நேரம் வந்தால், தாய் முயல் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி மெத்தை போடும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? எந்தத் தாதி கூட இருந்தாள்? அப்புறம் அந்தக் காது. நமக்கு வெயிலடித்தால் வேர்க்கும். முயலுக்கு அப்படி வேர்த்து உடம்பு குளிராது. உடம்புச் சூட்டையெல்லாம் காதுக்கு அனுப்பி, காற்றில் ஆற்றிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள், வெற்றிலை நரம்பு போல் சிவந்த நரம்புகள் ஓடும். கேட்பதற்கு மட்டும் என்று நாம் நினைக்கும் காதுதான் அதற்கு விசிறி.

அந்த விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. அதை என் தங்கை நித்யஸ்ரீயின் முயல்தான் எங்களுக்குச் சொன்னது.

போன வருஷம் மாசியில் நடந்தது. ஏற்காடு போய்விட்டு வந்த மாமா, வண்டியை நிறுத்தியதும் நித்யஸ்ரீயைக் கூப்பிட்டார். "கண்ண மூடு சாமி. கையை நீட்டு." அவள் நீட்டிய கையில் வெள்ளையாய், வெதுவெதுப்பாய் ஓர் அங்கோராக் குட்டி. கண்ணைத் திறந்தவள் மூச்சு விடவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வாசலில் செருகுவோமே, அந்தப் பூளைப்பூ மாதிரி இருக்கிறது என்று அதற்குப் பூளைப்பூ என்றே பெயர் வைத்தாள்.

கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக்குப் புதிதாய் ஒரு சின்ன உயிர் வந்தால் என்ன நடக்கும்? பொரிந்து ஒரே நாளான குஞ்சு வந்து இறங்கினால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். செய்தித்தாள் விரித்தோம். வெல்லத் தண்ணீர் கரைத்து வைத்தோம். குளிர்காற்று படக்கூடாதென்று கம்பிக் கூண்டின் நாலு பக்கமும் சாக்குப் படுதா இறக்கினோம். தலைக்கு மேல் பல்பு தொங்கவிட்டோம். மற்றவர்கள் சிரிக்கிறீர்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் யாரும் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அத்தனையும் அன்பு. அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் அன்பு செலுத்தினால் மட்டும் போதுமா? அன்பைப் பெறுவது யார் என்று பார்க்க வேண்டாமா? குஞ்சு வெப்பத்துக்கு ஏங்கும் உயிர். அங்கோரா மலைக்குளிருக்காகவே கம்பளி போர்த்திப் பிறந்த உயிர். கம்பளி போர்த்தியவனுக்கு நாங்கள் அடுப்பு மூட்டினோம்.

மறுநாள் மத்தியானம் பூளைப்பூ கூண்டின் மூலையில் நீட்டிப் படுத்திருந்தது. வாய் திறந்திருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. மாமா குனிந்து பார்த்தார். "புது எடம், குளுர்ல வெறச்சுப் போயிருக்குது. இன்னொரு பல்பு எடுத்தா" என்றார். நான் எடுத்து வந்து கொடுத்தேன். அப்போது நித்யஸ்ரீ கேட்டாள்:

"மாமா, குஞ்சு பல்புக்குக் கீழ வந்து கூடுனா குளுருதுன்னு அர்த்தம், பல்ப உட்டு வெலகுனா சூடு தாங்கலைன்னு அர்த்தம்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க?"

"ஆமா சாமி. அதுக்கென்ன இப்ப?"

"இது வெலகிப் படுத்திருக்குதுங்க மாமா."

பல்பைப் பிடித்த மாமாவின் கை அப்படியே நின்றது. ஆயிரமாயிரம் குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து அறிந்த பாடம். அதே பாடத்தை ஒரு முயல் தன் உடம்பால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. அதை அந்தச் சின்னக் கண்கள் படித்துவிட்டன. வாயில்லாத உயிர் என்கிறோம். வாய் இல்லையே தவிர, சொல் இல்லாமலா போயிற்று?

படுதாவைச் சுருட்டினோம். பல்பை அணைத்தோம். காதைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஈரத்துணியால் காதை மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தோம். அம்மா துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அந்தப் பஞ்சு முடியை மெல்ல மெல்ல வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் பார்த்தால் பாதி உருவம்தான் மிச்சம். "என்னக்கா, செம்மறிக்கு மசுரு வெட்டுனாப்பல பண்ணிப் போட்டீங்க" என்று மாமா சொன்னபோது, அழுதுகொண்டிருந்த நித்யஸ்ரீகூடச் சிரித்துவிட்டாள். சாயங்காலம் அது தலையைத் தூக்கி ஒரு புல்லைக் கடித்தது. ஒரே ஒரு புல்தான். நாங்கள் எல்லோரும் உயிர்த்தோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பங்குனி வந்தது. முடி மறுபடி வளர்ந்தது, வெயிலும் வளர்ந்தது. நித்யஸ்ரீ பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு ஓடி வருவாள், காதில் ஈரத்துணி வைக்க. சீப்பால் சிக்கெடுக்கவில்லை என்றால் முடி கட்டி கட்டியாய்ச் சேர்ந்துவிடும். கரண்டு போனால் கூண்டுக்கு வைத்த மின்விசிறியும் போச்சு. ஒரு நாள் மாமா கூண்டின் முன்னால் நின்று சொன்னார்: "பொழச்சுக் கெடக்குது அம்மிணி. வாழல."

"அப்ப என்னங்க மாமா பண்றது?" என்று கேட்டேன்.

"ஏசி போட்டுரலாமா?"

"கரண்டு போனா?"

நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை சொன்னாள், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "எனக்கு இதப் புடிச்சிருக்குது. இதுக்கு நம்மூரப் புடிக்கலைங்க. மேலயே கொண்டுபோயி உட்டுரலாம்."

மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் அதை இறுக்கி அணைத்துக்கொண்டே வந்தாள். மாமா முயலை வாங்கிய அதே வீடு. வேலி போட்ட புல்தரையில் அதை இறக்கி வைத்தாள். பனி புகைபோல் வந்துகொண்டிருந்தது. பூளைப்பூ அசையாமல் உட்கார்ந்தது. மூக்கை மட்டும் அசைத்தது. அப்புறம் திடீரென்று மண்ணை விட்டு எழும்பியது. எழும்பி, நடு ஆகாயத்தில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, கீழே விழுந்து, மறுபடி எழும்பியது. ஓடியது, திரும்பியது, துள்ளியது. பனிக்குள் ஒரு வெள்ளைக் கூத்து.

"ஏனுங்க, இது குதிக்குமுங்களா?" என்று மாமா, அந்த வீட்டு அம்மாளிடம் மெல்லக் கேட்டார். முயல் குதிக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த சேதி. அது எங்கள் வீட்டில் ஒரு தரம்கூடக் குதித்ததில்லை என்பது அந்தக் கணத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. நித்யஸ்ரீ ஒரு முறை கைதட்டினாள். அப்புறம் மாமாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்பார்ந்தவர்களே, அந்தத் துள்ளலைப் பார்த்த நாளில் நான் ஒன்று கற்றேன். பராமரிக்க எளிய முயல் என்றால் என்ன? வேலை குறைந்த முயலா? இல்லை. நம் மண்ணில், நம் வெயிலில், நம் வீட்டில் துள்ளக்கூடிய முயல். அதுதான் எளிய முயல். அதற்குத்தான் நம் அன்பு போதும்.

அந்த முயல்கள் எங்கே? இதோ, இடப்பக்கக் கூடைகளில். டச்சு முயலைப் பாருங்கள். கறுப்பு உடம்பு, தோளில் வெள்ளைத் துண்டு, நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளைக் கோடு. அளவிலும் சிறியது, குணத்திலும் சாது. சின்னக் குழந்தை மடியில் வைத்துக்கொள்ள அதைவிட ஏற்றது எனக்குத் தெரியாது. இப்போது நித்யஸ்ரீயிடம் இருப்பதும் அதுதான். மாமாவின் செருப்பு வாரைக் கடித்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. புறக்கடையில் வேப்பமர நிழல் இருக்கும் வீடா? நம் பக்கமே பிறந்து வளர்ந்த கலப்பு முயலை எடுங்கள். அதற்கு அழகான பெயர் கிடையாது, ஆனால் நம் வெயிலோடு பழக்கம் உண்டு. சிவந்த கண்ணோடு இருக்கும் நியூசிலாந்து வெள்ளை நல்ல முயல்தான், ஆனால் வளர்ந்தால் கனக்கும். தூக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு அது ஆகும்.

எதை எடுத்தாலும் காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது விசிறி என்று சொன்னேனே, விசிறியைப் பிடித்து யாராவது ஆளைத் தூக்குவார்களா? வெறும் கம்பியில் நிற்க வைத்தால் பாதம் புண்ணாகும், ஒரு பலகை போடுங்கள். புல்லே அதற்குச் சோறு. பண்ணைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், முட்டைக்கோழித் தீவனத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை போட்டாலும் அது முட்டையிடாது.

என்ன அண்ணா? "காட்டுல ஒண்ணப் புடிச்சாந்தா ஆகாதுங்களா?" ஆகாது அண்ணா. அது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், காட்டு முயல் கூண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்காது.

முன்வரிசையில் கை தூக்குவது யார்? ஜோதியா? எழுந்து சொல் கண்ணு. கொஞ்சம் அமைதியாக இருங்கள், குழந்தை பேசுகிறாள். "அப்ப அந்தப் பஞ்சு முயல யாருமே எடுக்கலைன்னா, அதெல்லாம் எங்கீங்கக்கா போகும்?"

ஐயா, இந்தக் கேள்வி என் தொண்டையிலேயே இருந்தது. கேட்கும் துணிவு எனக்கு இல்லை, ஜோதிக்கு இருக்கிறது. பரிசாக வந்ததை யாரும் எடுக்காமல் விட்டால் மட்டும் அது பிழைத்துவிடுமா? இன்று கூடையில் மிஞ்சினால் நாளை எந்தக் கூரையின் கீழ் மூச்சு வாங்கும்? குழந்தைகளை மகிழ்விக்க நீங்கள் மலையேறினீர்கள். அந்த மனம் பெரிது. அந்தப் பெரிய மனத்திடம்தான் இந்தச் சின்னவள் கேட்கிறேன்: அவை வந்த வழியே திரும்பிப் போக ஒரு வழி சொல்லுங்கள் ஐயா.

யார் அது, கடைசியில் எழுந்து நிற்பது? பூபதி அண்ணனா? சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணா, மேடைக்குக் கேட்கவில்லை. "நாளைக்கு விடியால ஏற்காட்டுக்கு லோடு ஏத்தீட்டுப் போறேன். வெயிலேறதுக்குள்ள மேல போயிரலாம். கேபின்லயே வெச்சுக்கறேன், பொறத்தால வேண்டாம்." கேட்டீர்களா? சிமெண்டும் கம்பியும் ஏற்றிய லாரியில் நாளைக்கு முயல் ஏறப்போகிறது. இப்போது தட்டுங்கள் கையை, இது அண்ணனுக்கு.

ஐயா எழுந்துவிட்டார். ஐயா, மைக் இதோ.

வேண்டாம் என்கிறார். கூடைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஒன்றை எடுக்கிறார். காதைத் தொட்டுப் பார்க்கிறார். என்ன சொல்கிறார் தெரியுமா? "சுடுது சாமி. இப்பவே சுடுது. எறங்குனது ஏறட்டும்."

ஈரச் சாக்கு கொண்டுவரச் சொல்கிறார். யாராவது ஓடுங்கள்.

குழந்தைகளே, நீங்கள் எழுந்து வரலாம், இடப்பக்கம் வாருங்கள். கூடையின் முன்னால் மெதுவாகக் குனியுங்கள், சத்தம் வேண்டாம். உங்களை நோக்கி எது மூக்கை அசைத்து ஓர் அடி எடுத்து வைக்கிறதோ, அதுதான் உங்களுடையது.

பயந்தவளை நிற்க விட்ட அவைக்கும், சின்னச் சொல்லுக்கும் செவி கொடுத்த தலைமைக்கும், கறிக்கணக்கை இன்னும் விடாத பொன்னாத்தா அத்தைக்கும் என் நன்றி. உங்கள் வீட்டு வாசல்களில் நாளை துள்ளப்போகும் கால்களுக்கும், நாளை காலை மலை மேல் பனியில் துள்ளப்போகும் கால்களுக்கும் சேர்த்து, என் வணக்கம்.